நடிப்பு வகுப்பில் ஏன் இன்னும் வசனம் தரவில்லை?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஊட்டியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) பஸ்ஸில் வந்துபோகிறீர்கள். விருப்பப் பாடமாக நடிப்பு எடுத்திருக்கிறீர்கள். பருவம் பாதி ஓடிவிட்டது, இன்னும் ஒரு வசனம்கூடக் கைக்கு வரவில்லை. ஸ்டூடியோ அறைக்குள் நடக்கச் சொல்கிறார்கள், எதிரில் நிற்பவரைப் பார்க்கச் சொல்கிறார்கள், பந்து எறியச் சொல்கிறார்கள். அழச் சொன்னால் அழுகை வரவில்லை, குரல் நாலாவது வரிசையைத் தாண்டவில்லை, பேச்சில் படுக மொழியின் சாயல் இருக்கிறது என்று கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். பருவக் கடைசியில் பத்து நிமிடக் காட்சி ஒன்று செய்தாக வேண்டும். இந்த வகுப்பில் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கற்றுக்கொள்கிறீர்கள். உங்கள் ஆசிரியர் சரியான வரிசையில்தான் போகிறார் என்று நீங்கள் எழுதியதை வைத்தே தெரிகிறது. முதல் வாரமே வசனத்தைக் கொடுத்திருந்தால் நீங்கள் எல்லோரும் அதை மனப்பாடம் செய்து, சினிமாவில் கேட்ட ஒரு ராகத்தில் ஒப்பித்திருப்பீர்கள். அந்த ராகம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற ஒரு வருடம் போதாது.

பத்துப் பேர் எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு மனிதருக்கு முதலில் கை பாரமாகிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பேன்ட் பாக்கெட்டுக்குள் போகும், பின்னால் போகும், முடியைக் கோதும். இதற்குக் கூச்ச சுபாவம் காரணமில்லை. பார்க்கப்படுகிறோம் என்ற நினைப்பே உடம்பை இறுக்கிவிடும், யாராக இருந்தாலும். அந்த நினைப்பை விரட்ட முயன்றால் அது இன்னும் பெரிதாகும். அதைவிடப் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தால்தான் போகும். பந்து எறியும் விளையாட்டு அதற்குத்தான். பந்து பறந்து வரும்போது பிடிப்பதைத் தவிர உங்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. அந்த நொடியில் உங்கள் முகத்தையும் கையையும் யாராவது பார்த்தால் பொய்யே இருக்காது.

நான் எடுக்கும் வகுப்புகளில் இதைப் புரியவைக்க ஒரு பயிற்சி வைப்பேன். ஒரு மாணவரை வெளியே அனுப்பிவிட்டு அவருடைய பஸ் பாஸை அறைக்குள் எங்காவது ஒளித்துவைப்போம். உள்ளே வந்து தேட வேண்டும். நாற்காலியைத் தூக்கிப் பார்ப்பார், ஜன்னல் திரைக்குப் பின்னால் கைவிடுவார், ஒரு நிமிடம் அசையாமல் நின்று யோசிப்பார். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடித்த பிறகு பாஸை அதே இடத்தில் வைத்துவிட்டு, “இப்போது தெரியாத மாதிரித் தேடுங்கள்” என்பேன். உடனே நெற்றியைத் தேய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், “எங்க போச்சு?” என்று சத்தமாகக் கேட்பார். முதல் தடவை தேடினார். இரண்டாம் தடவை, தேடுகிறேன் பாருங்கள் என்று நமக்குக் காட்டினார். அந்த இரண்டாம் தடவையையும் முதல் தடவை போலவே செய்யப் பழகுவதுதான் நீங்கள் எடுத்திருக்கும் பாடம் மொத்தமும்.

1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்த ஒரு சிக்கலோடுதான். நாளை என்ன நடக்கும் என்று நடிகருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. தினமும் மாலையில் அந்தத் தெரியாமையை எங்கிருந்து கொண்டுவருவது? உலகத்தில் இன்று நடக்கும் நடிப்பு வகுப்புகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் அவரிடமிருந்து கிளைத்தவை.

இனி அழுகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான்.

உணர்ச்சியை நேரடியாகச் செய்ய முடியாது. “கோபப்படு” என்று சொன்னவுடன் யாராலும் கோபப்பட முடியாது, கோபத்தின் முகத்தைத்தான் போட முடியும். நம் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை நடிப்புப் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டை வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களிலிருந்து பிறக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவுபடுத்தியது, வேண்டியவரையோ வேண்டியதையோ இழந்தது, முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்தது, இல்லாமை. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). எட்டுக்கு நான்காக முப்பத்திரண்டு காரணங்கள். கண்ணை எப்படிச் சுருக்குவது, உதட்டை எப்படி நடுங்கவைப்பது என்று அந்த வரிகளில் இல்லை. எதனால் வந்தது என்பதுதான் இருக்கிறது. நடிகருக்கு வேண்டியதும் அதுதான். இழந்து அழுகிறவரும் அவமானப்பட்டு அழுகிறவரும் ஒரே மாதிரி அழுவதில்லை. முன்னவர் யாரையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவார், பின்னவர் முகத்தை மறைக்க இடம் தேடுவார்.

ஆகவே “எப்படி அழுவது” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். “எனக்கு என்ன நடந்திருக்கிறது, இப்போது இவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்” என்று கேளுங்கள். கீழே ஆறு வரி எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றே ஒன்றுமே இல்லாத வரிகளாக.

“வந்துட்டியா?”
“ம்.”
“சாப்பிட்டியா?”
“அப்புறம்.”
“மழை விட்டுருச்சா?”
“இன்னும் இல்ல.”

முதல் சூழ்நிலை. அம்மாவும் மகனும். மகன் கோயம்புத்தூரில் வேலைக்கான நேர்முகத் தேர்வு முடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் மேலே வந்திருக்கிறான். வேலை கிடைக்கவில்லை என்பது பக்கத்து வீட்டுப் பையன் மூலம் அம்மாவுக்கு முன்பே தெரியும். தெரியும் என்பது மகனுக்குத் தெரியாது. அம்மாவுக்கு வேண்டியது, அவன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். மகனுக்கு வேண்டியது, யாரும் எதுவும் கேட்பதற்குள் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். இப்போது அந்தச் “சாப்பிட்டியா?” சோற்றைப் பற்றியதாக இருக்காது.

இரண்டாவது, அண்ணன் தம்பி. அப்பா ஆஸ்பத்திரியில். இரவெல்லாம் பக்கத்தில் இருந்த தம்பி வீட்டுக்கு வருகிறான், அடுத்துப் போக வேண்டியவன் அண்ணன். அண்ணனுக்குப் போகப் பயம். மழையைப் பற்றிய கேள்வி அவனுக்குக் கிடைத்த ஒரு சாக்கு.

மூன்றாவது, ஒரே அறையில் தங்கிப் படிக்கும் இருவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கிய கடனைக் கேட்டு மழை விட்டதும் ஒருவன் வந்துவிடுவான். இங்கே “இன்னும் இல்ல” என்பதில் ஒரு நிம்மதி தானாக வந்து உட்காரும். யாரும் “நிம்மதியாகச் சொல்” என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஆறு வரியை ஒரு நண்பரோடு உண்மையிலேயே செய்து பாருங்கள். ஒரு விதி மட்டும். எந்தச் சூழ்நிலை என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லக் கூடாது, சொற்களையும் மாற்றக் கூடாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு வினைச்சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் மேல் செய்யக்கூடிய வினையாக அது இருக்கட்டும். ‘சோகமாக இருக்கிறேன்’ என்று எழுதினால் செய்ய எதுவும் கிடைக்காது. ‘அவனைப் பேசவைக்கிறேன்’, ‘அவளைத் தடுக்கிறேன்’, ‘அவரிடம் ஒப்புதல் வாங்குகிறேன்’ என்று எழுதினால் உடம்புக்கு உடனே வேலை கிடைத்துவிடும். வேலை நடக்கிறதா இல்லையா என்று எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், எனவே பார்வையும் தானாக அவர் மேல் போகும். கை எங்கே என்ற கவலை அத்தோடு போய்விடும்.

சூழ்நிலை என்று சொல்லும்போது உடம்பின் சூழ்நிலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மலைப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய சொத்து இருக்கிறது. அந்த மழை கூடலூரில் ஜூலை மாதம் நாள் கணக்கில் விடாமல் பெய்கிற மழையா, உங்கள் கோத்தகிரியில் நவம்பரில் கொட்டுகிற மழையா? ஸ்வெட்டர் நனைந்திருக்கிறதா? ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி இறங்கி வந்தானா, மேடு ஏறி வந்தானா? ஏறி வந்தவனுக்கு அந்த முதல் “ம்”மைச் சொல்லவே மூச்சு இருக்காது. அந்த மூச்சுக் குறைவே பாதிக் காட்சியைச் செய்துவிடும்.

எதிரில் இருப்பவரைப் பார்க்கச் சொல்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லும் பயிற்சியும் விரைவில் வரலாம். “சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருக்கே.” “சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருக்கேன்.” இப்படியே போகும், ஒருவரிடம் ஏதோ மாறும்வரை. அமெரிக்க ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் (1905–1997) வகுத்தது இது. முதல் ஐந்து நிமிடம் சலிப்பாக இருக்கும். பிறகு எதிராளிக்கு எரிச்சல் வருவது கண்ணில் தெரியும், உங்கள் குரல் நீங்கள் நினைக்காமலே மாறும். நீங்கள் திட்டமிட்டு வந்ததை விட்டுவிட்டு அவர் தருவதை வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மேடை நாடகமோ சினிமாவோ, பார்க்கிற நமக்கு ஒரு நடிகரைப் பிடித்துப்போவது பல நேரம் அவர் பேசும்போது அல்ல, கேட்கும்போதுதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுகை வரவைக்கச் சில இடங்களில், உங்கள் வாழ்க்கையில் நடந்த மிகத் துயரமான நாளை நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்படி ஒரு முறை உண்டு. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே ஆரம்ப காலத்தில் அதில் ஈடுபாடு காட்டினார், அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் என்ற நடிப்பு ஆசிரியர் அதை வளர்த்தார். ஆனால் 1934இல் ஸ்டெல்லா அட்லர் என்ற நடிகை பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துப் பாடம் கேட்டபோது, அவர் சொந்த நினைவைத் தோண்டுவதிலிருந்து நகர்ந்து, பாத்திரத்தின் சூழ்நிலையைக் கற்பனை செய்வதற்கும் செயலுக்கும் முக்கியத்துவம் கொடுத்துக்கொண்டிருந்தார். அட்லர் திரும்பி வந்து அதைச் சொன்னதிலிருந்துதான் அவருக்கும் ஸ்ட்ராஸ்பெர்க்குக்கும் பிளவு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இருக்கும் பிள்ளைகளிடம், வீட்டில் விழுந்த ஓர் இழப்பைப் பத்துப் பேர் முன்னால் கிளறச் சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காயத்தை ஆறவைக்க நடிப்பு ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாது. உங்களிடம் கேட்டால் “இதை நான் செய்யவில்லை சார், வேறு வழியில் முயன்று பார்க்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தொடுதல், அடித்தல், கட்டிப்பிடித்தல் எதுவானாலும் அப்படித்தான். முன்கூட்டியே பேசி, இருவரும் சம்மதித்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய விஷயங்கள் அவை.

குரல். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிது, குளிர் காலத்தில் வறண்டும் இருக்கும். குளிரில் நாம் என்ன செய்கிறோம்? தோளைக் காதுவரை தூக்கி, கையைக் கட்டி, நெஞ்சைக் குறுக்கி நிற்கிறோம். அந்த நிலையில் மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு நாலாவது வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையை இறுக்கிக் கத்துவீர்கள், இரண்டு நாளில் குரல் கட்டிக்கொள்ளும். உங்கள் குரல் சின்னது என்று நான் நம்பவில்லை. மலையில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கூப்பிட்டு வளர்ந்தவர் நீங்கள். அப்படிக் கூப்பிடும்போது தொண்டை திறந்திருக்கும், மூச்சு அடிவயிற்றிலிருந்து வரும், கூப்பிடப்படும் ஆள் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். மூன்றும் மேடைக்கும் வேண்டும்.

சமவெளியில் பத்து நிமிடம் போதுமென்றால் இங்கே இருபது நிமிடமாவது உடம்பைச் சூடாக்குங்கள். ஜெர்கினைக் கழற்றுவது வியர்த்த பிறகுதான். தோளை உருட்டி இறக்குங்கள், தாடையை இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துத் தளர்த்துங்கள். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சோடு அது ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். அந்தத் தரை ஜில்லென்று இருக்கும், கீழே ஒரு கம்பளி விரித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயை மூடி “ம்ம்ம்” என்று ரீங்காரம். உதடும் மூக்கெலும்பும் அதிர வேண்டும். அதற்குப் பிறகுதான் சொற்கள். தமிழில் வாக்கியத்தின் உயிர் பெரும்பாலும் கடைசியில் வரும் வினையில் இருக்கிறது. “நான் வரமாட்டேன்” என்பதில் கடைசி ஓசையை விழுங்கினால் வருவாரா மாட்டாரா என்றே தெரியாது. புது நடிகர்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் மூச்சைச் செலவழித்துவிட்டு முடிவை விழுங்குவார்கள். சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

படுக மொழியின் சாயலைப் பற்றி: அதை அழிக்க முயலாதீர்கள். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, கற்பனைப் பயிற்சிகளை முதலில் படுக மொழியிலேயே செய்யுங்கள். வீட்டில் எந்த மொழியில் கோபப்படுகிறோமோ அந்த மொழியில் உடம்பு பொய் சொல்லாது. பிறகு அதே காட்சியைத் தமிழில் செய்யும்போது அந்த உடம்பு கூடவே வரும். உங்கள் வகுப்பிலேயே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள், மலையாளம் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் இருப்பார்கள். அவரவர் தாத்தா பாட்டியிடம் பேச்சு கொடுங்கள். மலையகத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்து பார்த்த பெரியவர்கள் கிடைத்தால் அது ஒரு பாக்கியம். ஒரு பாத்திரத்துக்குத் தெளிவான பொதுத் தமிழ் தேவைப்பட்டால் அதைத் தனியாகப் பழகிக்கொள்ளலாம். ழகரம், றகரம், குறில் நெடில் எல்லாம் பயிற்சியில் வருபவை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்கள் பேச்சிலும் ஓர் ஊர் இருக்கிறது.

கவனிப்புப் பயிற்சி தருவார்கள், ஒருவரைக் கவனித்து வந்து செய்து காட்டச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஒரு குடிகாரரையோ ஒரு பிச்சைக்காரரையோ செய்வார்கள், வகுப்பு சிரிக்கும், ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போங்கள், சொந்தக்காரர்கள் தோட்டமாகவே இருக்கட்டும். சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவை, அவரிடம் சொல்லிவிட்டே, அரை மணி நேரம் பாருங்கள். போனில் படம் எடுக்காதீர்கள். எந்தக் காலில் எடை நிற்கிறது? மேட்டுப் பக்கத்து முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது? கை பறித்துக்கொண்டிருக்கும்போது கண் எங்கே போகிறது, பேச்சு யாரோடு நடக்கிறது? முதுகில் பாரம் ஏற ஏறக் கழுத்து எப்படி மாறுகிறது? வகுப்புக்கு வந்து அவருடைய முகத்தைச் செய்யாதீர்கள். அந்த எடையை உங்கள் காலில் கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் சமதளமான ஸ்டூடியோ தரையில் நீங்கள் நிற்பதைப் பார்த்தே எங்களுக்குச் சரிவு தெரியும்.

கேமரா நடிப்பு வேறு, மேடை நடிப்பு வேறு என்று சீனியர்கள் சொன்னார்களாம். அளவு வேறு, அவ்வளவுதான். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் உடலும் குரலுமாகப் பயின்ற பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் சினிமாவில் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மேற்படிப்பாக இதைத் தொடர நினைத்தால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது, டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. டெல்லிக்குப் பட்டப்படிப்பும் நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். இப்போதே கல்லூரி நாடகம் எதையும் விடாமல் சேருங்கள், திரை இழுக்கும் வேலையானாலும் சரி.

பருவக் கடைசிக் காட்சிக்கு, இரண்டே பேர், ஒரே இடம், இடைவெளி இல்லாமல் ஓடும் பத்து நிமிடம் உள்ள ஒன்றை எடுங்கள். உங்கள் வயதை ஒட்டிய பாத்திரமாக இருக்கட்டும். சாவு, பைத்தியம், குடி மூன்றையும் இந்த முறை தவிருங்கள், மூன்றும் முகத்தைப் போட்டுக் காட்டத் தூண்டும். ஒருவருக்கு வேண்டியதை மற்றவர் கொடுக்க முடியாத காட்சியாகத் தேடுங்கள். நிலத்தை விற்க அண்ணனுக்குக் கையெழுத்து வேண்டும், தங்கை போட மாட்டாள், இந்த அளவு போதும். வசனத்தை ராகமில்லாமல், தட்டையாக, வேறு வேலை செய்துகொண்டே மனப்பாடம் செய்யுங்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டோ கேரட் கழுவிக்கொண்டோ சொல்லிப் பாருங்கள், பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தும் முணுமுணுக்கலாம். காட்சியில் டீ டம்ளர் இருந்தால் முதல் ஒத்திகையிலிருந்தே உண்மையான டம்ளர், உள்ளே சூடான டீ. வெறுங்கையால் டம்ளர் பிடிப்பது போலப் பழகிவிட்டு, கடைசி நாளில் கையில் கனமும் சூடும் வந்தால் அவ்வளவு நாள் பழகியது எல்லாம் குலைந்துவிடும். பத்திரம் வேண்டுமென்றால் உண்மையிலேயே எழுத்துள்ள ஒரு தாளைக் கொண்டுபோங்கள், தங்கை அதைப் படித்துப் பார்க்கட்டும்.